எறும்பு தின்ற முறுக்கு: ஒரு கேள்விக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், என்னவோ ஏதோ என்று வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் பையனுக்கு 4 வயது. முறுக்கு டப்பாவைக் காலி செய்துவிட்டு, வாயெல்லாம் துகளோடு வந்து நின்று, 'நான் சாப்பிடல, எறும்பு சாப்பிட்டுடுச்சு' என்கிறான். இப்போதே பொய் வருகிறதே, எப்படித் திருத்துவது?"

திருத்துவதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அவன் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். ஒரு வருடம் முன்னால் அவனுக்கு இது இவ்வளவு எளிதாக வந்திருக்காது. என் மகள் 3 வயதில் போனில் பாட்டியிடம் பேசுவாள். "சாப்பிட்டியா கண்ணு?" என்று பாட்டி கேட்டால் இவள் பெரிதாகத் தலையாட்டுவாள். பதில் வராமல் பாட்டி திரும்பத் திரும்பக் கேட்க, "அதான் தலையாட்டினேன்ல!" என்று இவளுக்குக் கோபம் வந்துவிடும். தனக்குத் தெரிவது பாட்டிக்கும் தெரியும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

1983-இல் விம்மர், பெர்னர் என்று இரண்டு ஆய்வாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? 3 வயதுப் பிள்ளைகள், இப்போது சாக்லேட் இருக்கும் இடத்தைத்தான் காட்டுவார்கள். 4, 5 வயது வாக்கில்தான், 'மாக்ஸிக்கு அது தெரியாதே' என்பது புரிய ஆரம்பிக்கும். உங்கள் பையனுக்குப் புரிந்துவிட்டது: அம்மா பார்க்கவில்லை, ஆகவே அம்மாவுக்குத் தெரியாது. வாயில் ஒட்டியிருக்கும் துகள் அம்மாவுக்குத் தெரியும் என்பதுதான் இன்னும் பாக்கி.

நான் எப்போதும் சொல்வதுதான், வழக்கமாகப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை கணக்கைத் தப்பாகப் போடுவதில்லை, கையில் இருக்கிற எண்களை வைத்துச் சரியாகத்தான் போடுகிறது. முன்பு சொன்ன தோசை கதை ஞாபகம் இருக்கிறதா? ரெண்டு தோசை வேண்டும் என்று அழுத குட்டிப் பெண்ணுக்கு, இருந்த ஒன்றையே பிய்த்து ரெண்டாக வைத்ததும் அழுகை நின்றது. பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜெனீவாவின் பியாஜே இதே விஷயத்தைத் தண்ணீரையும் டம்ளரையும் வைத்துச் செய்து பார்த்தார்: அதே தண்ணீரை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றினால், சின்னப் பிள்ளைகள் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்பார்கள். அவருக்கு இந்த ஆர்வமே, பாரிசில் பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் தேர்வுகளோடு வேலை பார்த்தபோது, ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தப்பு செய்வதைக் கவனித்ததில் தொடங்கியதுதான்.

உயரமாக இருப்பவர்தான் வயதில் பெரியவர் என்று சின்னப் பிள்ளைகள் நினைப்பதையும் அவர் எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் அது வேறு ரூபத்தில் வரும். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். என் மகள் சத்தமாக, "பெரியப்பா ஏன் குட்டையா இருக்காரு? சித்தப்பாதானே பெருசு, அவர்தான் பெரியப்பா" என்றாள். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் யோசித்துப் பாருங்கள், 'பெரிய' என்ற சொல்லை அவள் புரிந்துகொண்ட வரையில் அது சரிதானே? நான் அவளைத் திட்டவும் இல்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை, இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

சரி, முறுக்கு. தெரிந்துகொண்டே "நீ சாப்பிட்டியா?" என்று விசாரிக்காதீர்கள். அந்தக் கேள்விதான் எறும்பைக் கூப்பிடுகிறது. "டப்பா காலி, இனி நாளைக்குத்தான். வா, வாயைக் கழுவலாம்" என்று சொன்னால் போதும். எறும்புக்கு எவ்வளவு பெரிய வாய் என்று வேண்டுமானால் ஒரு வார்த்தை கேளுங்கள், பதில் நன்றாக இருக்கும். முக்கியமாக, துகளை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். நான் என் மகளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அடுத்த தடவை வாயைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு, தொட்டிலில் கிடந்த தம்பியின் கன்னத்தில் துகளை அப்பிவிட்டு வந்து, "பாரு, அவன்தான்" என்றாள். அவனுக்கு அப்போது 5 மாதம். ஒரு பல் கூட முளைக்கவில்லை.