திரும்பப் பெற முடியாத சொல்

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம். "நெருக்கடியில் ஒரு நிறுவனத்தைக் காப்பது உண்மையா, சாமர்த்தியமா?" என்பது தலைப்பு. நான் உண்மையின் பக்கம். எதிரணித் தலைவர், "வீடு பற்றி எரியும்போது அரிச்சந்திரன் வேஷம் கட்டாதீர்கள்" என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன் ஐயா, நன்றாகத்தானே சொன்னார்! ஆனால் எரிகிற வீட்டுக்குள் ஆள் இருக்கும்போது வாசலில் நின்று "உள்ளே யாரும் இல்லை" என்று சொல்வதற்குப் பெயர் சாமர்த்தியமா?

1982. அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி மாத்திரை விழுங்கிய 7 பேர் இறந்தார்கள். எவனோ ஒரு பாவி புட்டிகளில் சயனைடு கலந்திருந்தான். அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்ற கதையை எதிரணியும் சொல்லி, அதைச் சாமர்த்தியக் கணக்கில் எழுதிக்கொண்டது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். "எங்கள் ஆலையில் சயனைடே கிடையாது" என்று நிறுவனம் முதலில் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, சோதனைக்கூடத்தில் கொஞ்சம் இருக்கிறது என்று. சாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூடி வைத்திருக்கலாம். எதிரணித் தலைவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் மூடித்தான் வைத்திருப்பார்! அவர்கள் திருத்திச் சொன்னார்கள். எனக்கு 3 கோடிப் புட்டிகளைவிட அந்தத் திருத்தம் பெரிது. புட்டியைத் திரும்பப் பெறப் பணம் இருந்தால் போதும். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற?

இப்போது சாமர்த்தியத்தைப் பார்ப்போம். 2010, மெக்சிகோ வளைகுடா. பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துக்காகக் கடலில் எண்ணெய்க் கிணறு துளையிட்ட மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். கடலில் எவ்வளவு எண்ணெய் கொட்டுகிறது? ஒரு நாளைக்கு 5,000 பீப்பாய் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குக் கணக்குக் கொடுத்தது நிறுவனம். அதைவிடப் பெரிய கணக்குகள் உள்ளே இருந்தன. அரசு வல்லுநர்கள் பிறகு கணித்தது, தொடக்கத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 62,000 பீப்பாய்! பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் கடலையே மறைக்கப் பார்த்தார்கள். 2012-ல், காங்கிரஸ் விசாரணைக்கு இடையூறு செய்ததையும் சேர்த்து 14 குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள். கட்டச் சம்மதித்த தொகை 400 கோடி டாலர்.

"வக்கீல் வாயைத் திறக்காதே என்கிறாரே?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்விதான். இறந்தவர் பெயரை வீட்டாருக்கு முன்னால் ஊருக்குச் சொல்லக் கூடாது. காரணம் தெரியாமல் ஊகம் பேசக் கூடாது. "இன்னும் தெரியவில்லை, மாலை 6 மணிக்கு வந்து சொல்கிறேன்" என்பதும் உண்மைதான் அம்மா. ஆனால் 6 மணிக்கு வந்து நிற்க வேண்டும்! தெரிந்துகொண்டே "தெரியாது" என்பதை எந்த வக்கீலின் கணக்கில் எழுதுவது?

நடுவர் கை மணிக்குப் போகிறது. ஒரே ஒரு கேள்வி. 5,000 என்று எழுதிக் கொடுத்த அதே நிறுவனம், கசிவு நின்ற பிறகு கரைக்கு வந்து, "கடல் சுத்தமாகிவிட்டது" என்று மீனவரிடம் மெய்யாகவே மெய்யைச் சொன்னாலும், அவர் வலையை எடுப்பாரா? அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.