வெட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க: ஒரு பரங்கிக்காய், ஒரு வகுப்பு

எல்லாருக்கும் வணக்கம்! மேசை மேல இருக்கிறது நல்லா முத்தின மஞ்சள் பரங்கிக்காய். ஒண்ணாவது, ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு இதை வச்சு என்னென்ன கத்துக்கொடுக்கலாம்னு பார்ப்போம். எதைச் செஞ்சு காட்டுறதுக்கு முன்னாடியும், "என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டுக் காத்திருங்க. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்.

முதல்ல தண்ணித் தொட்டி. காய் மூழ்குமா, மிதக்குமா? தூக்கிப் பார்த்த பிள்ளைங்க "இவ்ளோ கனமா இருக்கே, மூழ்கிடும்"னு சொல்லும். போட்டா, மிதக்கும்! பக்கத்துலயே ஒரு சின்னக் கூழாங்கல்லைப் போடுங்க, அது மூழ்கிடும். ஏன்னு அப்பவே சொல்லிடாதீங்க, ப்ளீஸ். அந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும்.

அடுத்து நூல். காயோட அகலத்துக்கு ஒரு நூலை வெட்டிக்கோங்க. இது காயைச் சுத்தி எத்தனை தடவை வரும்? ஓரளவு வட்டமான காயா இருந்தா, மூணு தடவை போக இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த 'கொஞ்சம்' எதுக்குன்னு பெரிய வகுப்புல தெரிஞ்சுக்கட்டும்.

இப்ப வெட்டலாம். கத்தி பெரியவங்க கையில மட்டும்தான். உள்ள பாருங்க, நடுவுல குழி! காத்து நிறைஞ்ச இடம். மிதந்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு இப்ப கேளுங்க, அவங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுவாங்க. அந்த நேரம் அந்த முகங்களைப் பார்க்கணும்!

நாரும் விதையும் வழவழன்னு இருக்கும். தொடப் பிடிக்காத பிள்ளைக்கு ஒரு கரண்டி கொடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க. விதை எத்தனை இருக்கும்னு ஆளுக்கொரு எண் எழுதிட்டு, பத்துப் பத்தாக் குவிச்சு எண்ணட்டும். பத்துக் குவியல் சேர்ந்தா நூறுங்கிறதைக் கையால தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது.

நாலஞ்சு விதையைக் கழுவி, கண்ணாடி டம்ளர் ஓரமா ஈரத்துணியில சொருகி வைங்க. வெதுவெதுப்பான இடமா இருந்தா ஒரு வாரம் பத்து நாள்ல முளைச்சிடும். முதல்ல வெளிய வர்றது வேரா, இலையா? இதையும் முன்னாடியே கேட்டுடுங்க. வேர்தான் முதல்ல. விதையை எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் அது கீழ்நோக்கித்தான் வளையும்.

வெட்டின பரங்கிக்காய்ல ஒரு துண்டை மூடி போட்ட கண்ணாடி ஜாடியில போட்டு ஜன்னல்கிட்ட வைங்க. பூஞ்சை பூத்து, நிறம் மாறி, குழைஞ்சு போகும். தினமும் பார்த்து வரையட்டும். மூடியை மட்டும் திறக்கவே வேண்டாம், பூஞ்சைத்தூள் மூச்சுல போகக் கூடாது.