ஒரே காருக்கு ரெண்டு டர்போ

வணக்கம். கார் பத்திப் பேச ஒரு மெக்கானிக்க கூப்பிடாம என்னைய எதுக்கு கூப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தோணலாம். நான் மெக்கானிக் இல்லங்க, ஒரே செகண்ட் ஹேண்ட் டீசல் காருக்கு மூணு வார இடைவெளில ரெண்டு டர்போ, அதாவது இஞ்சினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளுற சாமான், வாங்கிப் போட்ட ஆளு, அந்தத் தகுதில வந்திருக்கேன்.

மொத தடவ என்னாச்சுன்னா, மேடு ஏறும்போது வண்டி இழுக்கல, பின்னாடி நீலமா புகை, அக்ஸிலரேட்டர மிதிச்சா எங்கயோ தூரத்துல ஆம்புலன்ஸ் வர்ற மாதிரி ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்ல பாத்துட்டு டர்போ அவுட்டு, மாத்தணும்னாங்க, நானும் தலையாட்டிட்டேன். பில்லப் பாத்துட்டு ரெண்டு நாள் வீட்ல யார்கிட்டயும் சரியா பேசல. ஆனா வண்டி பறந்துச்சு, பொய் சொல்லக்கூடாது, மூணு வாரம் பறந்துச்சு. அப்புறம் அதே ஆம்புலன்ஸ், அதே புகை.

அடுத்து வேற ஒரு அண்ணன்கிட்ட போனேன். அவரு டர்போ பக்கமே போகல, இஞ்சின்லேர்ந்து டர்போவுக்கு ஆயில் போற விரல் தண்டி பைப் ஒண்ண கழட்டித் தொடச்சு, "ஊதுங்க தம்பி"ன்னு கையில குடுத்தாரு. ஊதுறேன், ஊதுறேன், கன்னந்தான் உப்புது, காத்து போகல. அந்த பைப்ப மாட்டுற போல்ட்டுக்குள்ளயே ஆயில் போக ஓட்டை இருக்கும், அது அடிப்பிடிச்ச சட்டி மாதிரி கரி கட்டிக் கெடந்துச்சு. "இது தானா சாகல தம்பி, பட்டினி போட்டுக் கொன்னுருக்கீங்க"ன்னாரு. வீட்டுக்கு வந்து பழைய பில்ல எடுத்துப் பாக்குறேன், டர்போ, கேஸ்கட், லேபர், அவ்ளோதான். பைப்பும் இல்ல, புது ஆயிலும் இல்ல.

பட்டினின்னு ஏன் சொன்னாருன்னா, டர்போங்கறது ஒரு தண்டு, ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு சக்கரம். இஞ்சின்லேர்ந்து வெளிய போற சூடான புகை ஒரு சக்கரத்தச் சுத்துது, அந்தச் சுத்துல மறுமுனை சக்கரம் வெளிக்காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளுது. வீணாப் போற புகைகிட்ட வேலை வாங்குற இந்த ஐடியாவுக்கு ஆல்ஃபிரெட் பூக்கின்னு ஒரு சுவிஸ் இஞ்சினியர் 1905-லயே பேடன்ட் வாங்கிட்டாரு. கார்ல வர்ற சின்ன டர்போ நிமிஷத்துக்கு 2 லட்சம் சுத்து வரைக்கும் போகும், அதாவது ஒரு செகண்டுக்கு மூவாயிரத்துக்கு மேல. அந்த வேகத்துல தண்டத் தாங்குறது பெரும்பாலும் ஆயில் படலம்தான், தண்டு அதுல மிதக்குது. ஆயில் நின்னுச்சுன்னா உரச அதிக நேரம் ஆகாது. ஆயில காலம் தள்ளி மாத்துறது, வேகமா ஓட்டிட்டு வந்து நிறுத்துன கையோட சாவியத் திருப்புறது, இதுலதான் அந்தக் கரி கட்டுது. ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டா போதும். எனக்கு முன்னாடி ஓட்டுனவரு விட்டிருக்க மாட்டாரு, சரி அவரத் திட்டி என்ன ஆகப்போகுது.

இன்னொண்ணு, பிக்கப் இல்லன்னாலே டர்போ போச்சுன்னு அர்த்தம் கிடையாது. டர்போ தள்ளுற சூடான காத்த ஆறவைக்கிற இன்டர்கூலரோட ஹோஸ்ல ஒரு கிழிசல் இருந்தா போதும், புஸ்ஸுன்னு சத்தம் வரும், கருப்புப் புகை வரும், வண்டி படுத்துக்கும், செலவு வெறும் ஹோஸ்தான். டர்போவ கன்ட்ரோல் பண்ற வேக்குவம் ட்யூப் வெடிச்சிருந்தாலும், டர்போக்குள்ள புகையத் திருப்பிவிடுற இறகுங்க கரில ஒட்டிக்கிட்டாலும் வண்டி லிம்ப் மோடுக்கு, அதாவது இஞ்சின் தன்னக் காப்பாத்திக்க பவரக் கொறச்சுக்கிற நெலைக்கு, போயிடும். வண்டியோட கோளாறு கோட படிக்கிற ஸ்கேனர்ல பி0299-ன்னு வந்தா பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுற காத்தழுத்தம், கம்மியா இருக்குன்னுதான் அர்த்தம், டர்போவ மாத்துன்னு அது சொல்லல. டர்போவுக்குக் காத்து வர்ற பைப்பக் கழட்டி தண்ட ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க, பக்கவாட்டுல லேசா ஆடுறது சகஜம், உள்ளயும் வெளியயும் ஆடுச்சுன்னாலோ சக்கரம் சுவத்துல உரசியிருந்தாலோதான் உண்மையிலயே போச்சு.

போச்சுன்னாலும் முழு டர்போ வாங்கணும்னு இல்ல, வெளிக்கூடு நல்லா இருந்தா நடுவுல தண்டும் சக்கரமும் இருக்கற கோர் மட்டும் மாத்தலாம், பேலன்ஸ் பண்ணித்தான் தர்றாங்களான்னு கேட்டுக்கோங்க. உடைச்ச வண்டிலேர்ந்து எடுத்த பழைய டர்போ சீப்பா கிடைக்கும், நான் வாங்க மாட்டேன், அது என்ன பட்டினி கெடந்துச்சோ யாருக்குத் தெரியும். எதப் போட்டாலும் ஆயில் பைப் புதுசு, ஆயிலும் ஃபில்டரும் புதுசு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டர்போக்குள்ள ஆயில் ஊத்தணும், இன்டர்கூலரக் கழுவணும். இதெல்லாம் எஸ்டிமேட்லயே எழுதி வாங்கிடுங்க.

கழுவுறத சாதாரணமா நெனைக்காதீங்க. என் இன்டர்கூலரக் கவுத்தப்ப, செத்த டர்போ கக்குன ஆயில் ஒரு டம்ளர் வந்துச்சு. கழுவாம விட்டா டீசல் இஞ்சின் அந்த ஆயிலயே எரிச்சுக்கிட்டு தன்னால ரேஸ் ஆகும், சாவிய எடுத்தாலும் நிக்காது. கியர் வண்டின்னா பிரேக்க இறுக்கி மிதிச்சு பெரிய கியர்ல போட்டு கிளட்ச விட்டு ஆஃப் பண்ணிரணும், தயங்குனா இஞ்சினே காலி.

பழைய டீசல் வாங்கப் போறவங்க, வண்டி ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தாங்கன்னா, இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஆயில் மாத்துன பில் எல்லாத்தையும் கேளுங்க, இல்லன்னா டர்போ செலவ இப்பவே வெலையில கழிச்சுப் பேசுங்க.

நேரமாச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுறாங்க. அந்த கரி புடிச்ச போல்ட்ட உங்களுக்குக் காட்டலாம்னு பாக்கெட்ல போட்டு எடுத்துட்டு வந்தேன், இங்க வந்து உக்காந்தப்புறம்தான் ஞாபகம் வருது, இது ரேடியோ.