நியூரோடைவர்ஜென்ட் மனிதர்கள் நடிக்காமல் இருக்கக்கூடிய ஒரு குழு: எப்படி அமைப்பது?

[திரையில்: கழுத்தில் தொங்கும் ஓர் அட்டை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் மாறுகிறது.]

இந்த அட்டையைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால், ‘இப்போது யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்’. மஞ்சள் என்றால், ‘எனக்கு முன்பே தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம்’. பச்சை என்றால், ‘பேச ஆசைதான், எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை, நீங்களே வாருங்கள்’. கொஞ்ச நேரம் கழித்து மனம் மாறினால் அட்டையை மாற்றிக்கொள்ளலாம். யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

இந்த யோசனை மருத்துவமனையிலிருந்து வரவில்லை. 1992இல் ஜிம் சின்க்ளேர், டோனா வில்லியம்ஸ் உள்ளிட்ட, ஆட்டிசம் கொண்ட சிலர் சேர்ந்து ‘ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1996இலிருந்து அவர்கள் அமெரிக்காவில் ‘ஆட்ரீட்’ என்ற முகாமை நடத்தினார்கள். நிற அட்டைப் பழக்கம் அங்கே வளர்ந்ததுதான். வாசனைத் திரவியம் வேண்டாம், ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம் என்ற விதிகளும் அங்கே இருந்தன. எந்த நிகழ்ச்சியிலும் சேரலாம். எதிலும் சேராமல் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்தும் இருக்கலாம். வாய்ப்பு உண்டு, வற்புறுத்தல் கிடையாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ‘எல்லாரும் அன்பாக இருங்கள்’ என்று சொல்லிவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை, ஏற்பாட்டையே மாற்றினார்கள். அன்பு நல்லதுதான். ஆனால் மின்னிக்கொண்டே இருக்கும் டியூப்லைட்டை அது நிறுத்தாதே!

[திரையில்: ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா, டிஸ்பிராக்சியா, டூரெட்]

சரி, யாருக்காக இந்த ஏற்பாடு? மூளை வேலை செய்யும் விதம் பெரும்பான்மையிலிருந்து மாறுபட்டவர்களை நியூரோடைவர்ஜென்ட் என்கிறோம். திரையில் இருப்பவை சில உதாரணங்கள்: ஏடிஹெச்டி என்றால் கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்துவதில் சிரமம், டிஸ்லெக்சியா என்றால் வாசிப்பதில், டிஸ்பிராக்சியா என்றால் உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில். டூரெட் என்றால் தன்னை மீறி வரும் உடல் துடிப்பும் குரலும். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். மூளைகள் பல விதம், அந்த வேறுபாடு மனித இயல்புதான் என்கிற ‘நரம்பியல் பன்மை’ சிந்தனைக்கு மூலம் என்று சமூகவியலாளர் ஜூடி சிங்கர் 1998இல் எழுதிய ஆய்வேட்டை நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, 90களின் இணையக் குழுக்களில் ஆட்டிசம் கொண்டவர்கள் இதைப் பேசிப் பேசி வளர்த்திருந்தார்கள். ஆக, இந்தச் சிந்தனையே ஒரு குழுவுக்குள் பிறந்ததுதான்.

அப்புறம் ஒரு பழைய நம்பிக்கை. ‘இவர்களுக்கு மற்றவர்களைப் புரிந்துகொள்ளத் தெரியாது, பழகக் கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும்.’ டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் இதை 2012இல் திருப்பிக் கேட்டார். அவரும் ஆட்டிசம் கொண்டவர். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவு நமக்கும் அவர்களைப் புரிவதில்லை, பழியை மட்டும் ஏன் ஒரு பக்கம் போடுகிறோம் என்றார்.

[திரையில்: எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் காதில் ஒருவர் கதை சொல்கிறார்கள்.]

2020இல் கேத்தரின் குரோம்ப்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வரிசைக்கு எட்டுப் பேர். முதல் ஆள் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அடுத்தவருக்கு. ஆட்டிசம் கொண்டவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் வரிசையில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இருவரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதறியது. பின்னால் இதே குழுவினர் இன்னும் பெரிதாகச் செய்த ஆய்வில் கலப்பு வரிசையின் அந்தச் சரிவு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஆட்டிசம் கொண்டவர்கள் பின்தங்குகிறார்கள் என்று அங்கேயும் தெரியவில்லை.

குழு நடத்துகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? வருகிறவரைத் திருத்துகிற வேலையை விட்டுவிடலாம். ‘கண்ணைப் பார்த்துப் பேசு’, ‘கையை ஆட்டாதே’, ‘கொஞ்சம் சிரி’ என்றெல்லாம் கேட்டே வளர்ந்தவர்கள் இவர்கள். வெளியே நாள் முழுவதும் இயல்பை மறைத்து நடிக்கிறார்கள், மாஸ்கிங் என்பார்கள். அப்படி நடிப்பதற்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் குழுவிலும் அதே நடிப்பு தேவைப்பட்டால், அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

அழைப்பிலிருந்தே ஆரம்பியுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கும், முக்கியமாக எத்தனை மணிக்கு முடியும், எத்தனை பேர் வருவார்கள், உள்ளே நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும், ஒதுங்கி இருக்க அமைதியான அறை எங்கே, சொல்லாமல் கிளம்பலாமா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். முடிந்தால் அந்த இடத்தின் புகைப்படங்களும். அளவுக்கு மீறிய விவரம் என்று உங்களுக்குத் தோன்றலாம். வரலாமா வேண்டாமா என்று முந்தின இரவு முழுக்கத் தவிக்கிறவருக்கு அப்படித் தோன்றாது.

ஏடிஹெச்டி உள்ளவருக்கு முதல் நாள் ஒரு நினைவூட்டல், அன்று காலை இன்னொன்று. தாமதமாக வந்தால் முகம் சுளிக்காத வழக்கம். டிஸ்லெக்சியா உள்ளவரைத் திடீரென்று எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். டூரெட் உள்ளவரின் உடல் துடிப்பையோ குரலையோ யாரும் திரும்பிப் பார்க்காமல் பேச்சைத் தொடர்ந்தால் போதும். வாயால் பேசுவதற்குப் பதில் கருவியில் எழுத்தைத் தட்டிப் பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடிக்க நேரமாகும், அதுவரை காத்திருங்கள். நடுவில் புகுந்து நீங்களே முடித்து வைக்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். சிக்கல் எங்கே வரும் தெரியுமா? இருவரின் தேவை மோதும்போது.

[திரையில்: ஒரே அறையில் இருவர். ஒருவர் முனகுகிறார், இன்னொருவர் காதைப் பொத்துகிறார்.]

ஒருவர் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ள முனகிக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சத்தம் காதில் ஊசி ஏற்றுவது போல. இருவரிடமும் தப்பு இல்லை, இருவரும் நடிக்கவில்லை. பல குழுக்கள் உடைவது இங்கேதான் என்று நினைக்கிறேன். யாருடைய தேவை ‘நிஜம்’ என்று தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடுகிறார்கள், அல்லது சத்தம் போடுகிறவரை மெதுவாக வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பிந்தையது இன்னும் மோசம், ஏனென்றால் அதிக உதவி தேவைப்படுகிறவர்தான் எப்போதும் வெளியே போகிறார். சரளமாகப் பேசுகிறவர்கள் மட்டும் மிச்சமிருக்கும் குழுவை எல்லாருக்குமான குழு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு அறை இருந்தால் ஒன்று சத்தத்துக்கு, ஒன்று அமைதிக்கு. ஒரே அறைதான் என்றால் நேரத்தைப் பிரிக்கலாம். இரைச்சலைக் குறைக்கும் ஹெட்ஃபோன் சில எடுத்து வைக்கலாம். சிலர் திரை வழியாகச் சேரலாம், கேமராவை அணைத்துவிட்டு. எல்லாரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் திருப்திப்படுத்த முடியாத நாள்களும் வரும். அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது, முடியும் என்று பாவனை செய்வதைவிட மேல்.

ஏற்றுக்கொள்வதென்றால் எதையும் பொறுத்துக்கொள்வதா என்று கேட்பீர்கள். கேட்காமல் தொடுவது, மிரட்டுவது, ஒருவரை விடாமல் பின்தொடர்வது, இவற்றுக்கு இடம் கிடையாது. ஆனால் அந்த விதியைச் சாடைமாடையாகச் சொல்லிப் பயன் இல்லை. குறிப்பறிந்து நடப்பவரைக் கெட்டிக்காரர் என்று நாம் மெச்சுகிறோம். எழுதாத விதியை வைத்து, அதைக் கண்டுபிடிக்காதவரைத் தண்டிப்பது என்ன நியாயம்? எழுதி ஒட்டுங்கள். மீறினால் தனியாகக் கூப்பிட்டு, எது தப்பு, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

வாசலில் மருத்துவச் சான்றிதழ் கேட்க வேண்டாம். வயது வந்த பிறகும் பரிசோதனைக்கு வழியில்லாதவர்கள் ஏராளம். குறிப்பாகப் பெண்களுக்குப் பெரும்பாலும் தாமதமாகவே தெரியவருகிறது.

முடிவெடுக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் நிபுணர்களும் இருக்கட்டும். ஆனால் யாருக்காகக் குழுவோ அவர்கள் அந்த மேஜையில் இல்லை என்றால், ‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்ற மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் பழைய கோரிக்கைதான் ஞாபகம் வருகிறது. வெளியாள் ஒருவர் வந்து உரையாற்றப் பணம் கொடுப்பீர்கள் என்றால், தன் அனுபவத்தைச் சொல்லி உங்கள் திட்டத்தைத் திருத்தித் தருகிறவருக்கும் கொடுங்கள். கருத்துக் கேட்கும்போது கூட்டத்தில் கை தூக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், எழுத்திலும் குரல் பதிவிலும் சொல்ல வழி வையுங்கள்.

இப்படிப்பட்ட குழுக்களை நடத்துகிறவர்களில் பலர் தாங்களே நியூரோடைவர்ஜென்ட். சோர்ந்து விழுவதும் அவர்கள்தான். பொறுப்பைச் சுழற்சியில் மாற்றுங்கள், முடியாத மாதம் சந்திப்பைத் தள்ளி வையுங்கள்.

உறுப்பினர் ஒருவர் வருவதை நிறுத்திவிட்டால், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்காதீர்கள். அடுத்த சந்திப்பு எப்போது, எங்கே என்பதை மட்டும் எழுதி, பதில் போட வேண்டிய அவசியம் இல்லை என்றும் சேர்த்து அனுப்புங்கள். விலகிக்கொள்கிறேன் என்று அவரே சொன்னால் மட்டும் பட்டியலிலிருந்து பெயரை எடுங்கள்.