21 வயதில் 9 பாடம்

(கிளிநொச்சியில் சனசமூக நிலையம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோரே, ஆசிரியர்களே, பின்வாங்கில் தயங்கி இருக்கிற தம்பி தங்கைகளே, வணக்கம்.

இந்தியாவிலிருந்து திரும்பி வந்து வன்னியில் குடியேறியிருக்கிற பிள்ளைகளைப் பற்றித்தான் பேச வந்தேன். 1983க்குப் பிறகு மன்னார்க் கரையால் படகேறிப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அங்கே அகதி முகாமில் பிறந்து, அப்பாவின் ஊர் என்று கதையில் கேட்ட இடத்துக்கு 18, 20 வயதில் வந்து இறங்குகிறார்கள். வந்த கையோடு பெடியன் மேசன் வேலைக்குப் போகிறான், பெட்டை ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறாள். "இனி என்ன படிப்பு" என்று நாங்களே சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு 5 பாடம். இங்கே ஓ.எல்., அதாவது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை என்றால் 9. சமயம் இங்கே கட்டாயப் பாடம், அங்கே அது தேர்வில் இல்லை. வரலாறு அங்கே சமூக அறிவியலுக்குள் அடங்கிவிடும், இங்கே அது தனிப் பாடம், அதுவும் பெரும்பாலும் இலங்கை வரலாறு. இயற்பியல் என்று படித்தது இங்கே பௌதிகவியல். நல்ல புள்ளியோடு வந்த பிள்ளைகூட இந்த வினாத்தாளைப் பார்த்து விழிக்கத்தான் செய்வாள். உடனே "இவளுக்கு ஏறாது" என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். கணக்கு இரண்டு கரையிலும் ஒன்றுதான். அதிலிருந்து தொடங்குங்கள், பிள்ளைக்குத் தைரியம் வரும்.

சரி, எங்கே படிப்பது? 21 வயதுப் பிள்ளைக்கு வெள்ளைச் சீருடை போட்டுப் பத்தாம் ஆண்டு வாங்கில் இருத்த முடியாது. பள்ளிக்கூடத்தில் சேராமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், அதற்கு அடையாள அட்டை வேண்டும். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு முதலில் பிரஜாவுரிமைப் பதிவு, பிறகுதான் அடையாள அட்டை. பாதிப் பேர் களைத்துப்போவது இந்தக் கடதாசி அலைச்சலில்தான். கிராம அலுவலரிடம் போகும்போது விபரம் தெரிந்த ஒருவர் கூடப் போனால் எவ்வளவோ உதவி.

ஓ.எல். ஒன்றுதான் வழி என்றும் இல்லை. அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இந்தியாவில் வயரிங் வேலை பழகி வந்தவன், பழகிய வேலையைச் செய்து காட்டியே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது.

எங்கள் ஊர்ச் சனத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2009 ஆகஸ்ட்டில், போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமுக்குள் இருந்துகொண்டே எங்கள் பிள்ளைகள் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். புத்தகம் இல்லை, வீட்டில் யார் உயிரோடு என்றே பலருக்குத் தெரியாது. கம்பி வேலிக்குள் இருந்து பரீட்சை எழுதிய சனம், பிந்தி வந்து எழுதுகிறவளைப் பார்த்துச் சிரிக்கலாமா?

இந்த மண்டபம் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு சும்மாதான் கிடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலு பேர் இங்கேயே இருக்கிறீர்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்கு இரவு எட்டரை வரை ஒரு வகுப்பு வைப்போம். பெண் பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஆட்டோக் காசைச் சங்கம் பொறுக்கட்டும்.

விண்ணப்பம் நிரப்ப வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் நில்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.