வெட்டிய மீன் வாலில் எழும் பெராக்சைடு அலை

வணக்கம் நண்பர்களே. திரையில் இருப்பது நானே வரைந்த படம், கோணல்மாணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இது வரிக்குதிரை மீனின் குஞ்சு, பிறந்து சில நாள்தான் ஆகிறது. வால் நுனியை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய ஓரத்திலிருந்து உள்ளே பரவும் சிவப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவ மருந்துக் கடையில் வாங்குகிறோமே, அதேதான். மீன் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது!

2009-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் நீட்ஹாமர், மிட்சிசன் குழுவினர் கண்டது இது. வெட்டிய சில நிமிடங்களில் பெராக்சைடு ஏறத் தொடங்கி, சுமார் 20 நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டது. வெள்ளணுக்கள் வந்து சேர்ந்ததோ அதன் பிறகு. கிருமிகளைக் கொல்ல வெள்ளணுக்கள் பெராக்சைடைக் கக்கும் என்பதுதான் பழைய பாடம். இங்கே காயம்பட்ட திசுவே டுவாக்ஸ் என்ற நொதியால் அதை உண்டாக்கி, வெள்ளணுக்களை வரவழைக்கிறது. டுவாக்ஸைத் தடுத்தார்கள், அலையும் எழவில்லை, வெள்ளணுக்களின் வரவும் குறைந்தது.

இதைக் கண்ணுக்குக் காட்டியது ஹைப்பர் என்ற உணர்வி. 2006-இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் வெளியிட்டது. சில நானோமீட்டரே உள்ள புரதம். மரபணுவைக் கொடுத்துவிட்டால் செல்லே அதைத் தயாரித்துவிடும். ஈ.கோலை பாக்டீரியாவில் பெராக்சைடை உணரும் ஆக்ஸிஆர் புரதத்துக்குள் ஓர் ஒளிரும் மஞ்சள் புரதத்தைச் செருகியிருக்கிறார்கள். பெராக்சைடு பட்டதும் ஆக்ஸிஆரில் உள்ள, சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலங்கள் இரண்டு கந்தகத்தோடு கந்தகமாகப் பிணைந்துகொள்ளும். வடிவம் மாறும். 420 நானோமீட்டர் ஒளியை ஏற்பது குறையும், 500 நானோமீட்டர் ஒளியை ஏற்பது கூடும். இந்த இரண்டின் விகிதத்தைத்தான் அளக்கிறோம் என்பதால் செல்லுக்குச் செல் புரதத்தின் அளவு வேறுபட்டாலும் கணக்கு கெடாது.

பெராக்சைடைக் காண, பல ஆய்வகங்கள் இன்னும் டிசிஎஃப் என்ற ஒளிரும் சாயத்தைத்தான் ஊற்றுகின்றன. சுலபம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பெராக்சைடுடன் நேரடியாக வினைபுரியாது. இரும்போ பெராக்சிடேஸ் என்ற நொதியோ இடையில் வேண்டும். போதாததற்கு, வினையின் நடுவே சாயமே புதிதாகப் பெராக்சைடை உண்டாக்கும். எடைக்காரரே தட்டில் சரக்கை அள்ளிப் போட்டால் எப்படி?

ஹைப்பரிலும் வில்லங்கம் உண்டு. செல்லின் அமிலத்தன்மை மாறினாலும் அதே விகிதம் அசையும். எனவே ஒரு சிஸ்டீனை மாற்றிப் பெராக்சைடை உணராதபடி செய்த சைஃபரையும் கூடவே சோதிக்க வேண்டும். அது அசையாமல் ஹைப்பர் மட்டும் அசைந்திருந்தால் நம்புங்கள். ஆய்வுக் கட்டுரையில் நான் முதலில் தேடுவது அந்தச் சைஃபர் சோதனையின் படத்தைத்தான். 2020-இல் வந்த ஹைப்பர்7 என்ற புதிய வடிவம் இந்த அமிலத்தன்மைத் தொல்லையைப் பெருமளவு தீர்த்துவிட்டது.

அடுத்த வீடியோவில் கீரைக்குப் போகிறோம். இலைக்குள் கார்பன் நானோகுழாய்களைச் செலுத்தி, அங்கேயும் இதே அலையை எம்ஐடியில் பார்த்திருக்கிறார்கள்.