கட்டை மீனும் நார்வே சர்ச்சும்

வணக்கம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், லூத்தரன் சர்ச்சுகளின் வாசலில் 'லூட்டஃபிஸ்க் விருந்து' என்று பலகை வந்துவிடும். நார்வேயிலிருந்து குடியேறியவர்களின் பேரன் பேத்திகள் சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் ஊருக்கே போடும் சாப்பாடு அது. நான்கு வருடமாக அதற்கு உருளைக்கிழங்கு உரிக்கப் போகிறவர்களில் நானும் ஒருத்தி.

லூட்டஃபிஸ்க் என்பது ஒரு மீன் பண்டம். முதலில் அந்த மீனைச் சொல்கிறேன். வட நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் காட் மீனை உப்பே போடாமல் மரச் சட்டங்களில் தொங்கவிட்டு, குளிர்காற்றிலேயே கட்டையாகக் காயவைப்பார்கள். உப்பில்லாத கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் போடுகிறார்கள், அந்தக் காலத்தில் மரச்சாம்பல் நீர். கட்டை உப்பி வழவழவென்று ஆகும், ஆனால் அப்படியே தின்றால் வாய் வெந்துவிடும், அதனால் மறுபடி தண்ணீரை மாற்றி மாற்றிப் பல நாள் ஊறவைத்து அந்தச் சோடாவைப் போக்க வேண்டும். வெந்து தட்டுக்கு வரும்போது நுங்கு போல ஆடும். மேலே உருக்கிய வெண்ணெய், பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு. வெள்ளிக் கரண்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, கறுத்துப்போகும்.

மீனைவிட எனக்குப் பிடித்தது லெஃப்ஸே என்ற மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டி. விருந்துக்குச் சில வாரம் முன்பே ஒரு சனிக்கிழமை காலையில் அந்த வேலை தொடங்கிவிடும். உருளைக்கிழங்கை அவித்துக் கட்டியில்லாமல் மசித்து, வெண்ணெயும் க்ரீமும் சேர்த்து இரவு முழுக்கக் குளிரவைத்து, தேய்க்கப் போகும் நேரத்தில்தான் மாவு சேர்ப்பார்கள், முன்னாலேயே சேர்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும், தேய்க்க வராது. வரி வரியாகக் கோடு போட்ட குழவியால் காகிதம் போலத் தேய்த்து, நீளமான மெல்லிய குச்சியை அடியில் விட்டுத் தூக்கிப் பெரிய வட்டக் கல்லில் போட வேண்டும். என் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்த பாட்டிக்கு எண்பது வயதிருக்கும்; அவர் கையிலிருந்த குச்சி அவருடைய பாட்டியுடையது. சுட்டதைத் துணிக்குள் அடுக்கி வைத்தால் மெத்தென்று இருக்கும், வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டிச் சாப்பிட வேண்டியதுதான்.

இவர்கள் வந்த கதை 1825-இல் தொடங்குகிறது. அந்த ஜூலையில் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து ஒரு சின்னப் பாய்மரக் கப்பலில் 52 பேர் கிளம்பினார்கள், வழியில் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அடுத்த நூறு வருடத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார்கள். பல பிரிவாக இருந்த அவர்களுடைய சபைகளில் பெரும்பாலானவை 1917-இல் ஒன்றாகி 'அமெரிக்க நார்வே லூத்தரன் சபை' ஆயின. ஆனால் முதல் உலகப் போர்க் காலத்தில் வேறு மொழி பேசினாலே சந்தேகமாகப் பார்த்தார்கள், பிள்ளைகளும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டே போனார்கள், ஆராதனையும் மாறியது, 1946-இல் சபையின் பெயரிலிருந்தே 'நார்வே' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் 1922-இல் தொடங்கிய மின்டேகிர்க்கன் போன்ற சர்ச்சில்தான் இன்றும் நார்வே மொழியில் ஆராதனை நடக்கிறது.

மொழி போனபிறகும் இந்த மீன் எப்படி நின்றது? எனக்குத் தோன்றுவது இதுதான்: பேச்சை ஒவ்வொருவரும் தனித்தனியாக, யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாம். இந்தச் சாப்பாட்டை ஒருவர் தனியாகச் செய்யவும் முடியாது, சத்தமில்லாமல் கைவிடவும் முடியாது. நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பந்தி பந்தியாகப் போட வேண்டும். மீன் ஒரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் கரைந்துவிடும் என்பதால் அடுப்பில் ஆண்கள் கண்கொட்டாமல் நிற்பார்கள், பெண்கள் பந்தியில் வெண்ணெய்க் குவளையோடு நடந்துகொண்டே இருப்பார்கள்.

அந்தக் கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. அதுதான் எனக்குக் கவலை. உள்ளே போகச் சபை உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, யார் வந்தாலும் ஒரு ஏப்ரனைக் கொடுத்து நிற்க இடம் காட்டுவார்கள். இந்த நகரத்தில் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சாப்பிட மட்டும் போகாதீர்கள், லெஃப்ஸே சுடும் சனிக்கிழமையும் போங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் கல் சூடாகிவிடும்.